ஒரே சொல், இரண்டு தோட்டா: கோலார் தங்கவயலும் துல்லியத்தின் சாதியும்

கோலார் தங்கவயல் என்றதும் இன்றைய மாணவர் மனத்தில் எழுவது துப்பாக்கிதான். 2018ஆம் ஆண்டிலும் 2022ஆம் ஆண்டிலும் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்’ திரைப்படங்கள் அவ்வூரை, வெளியிலிருந்து வந்த ஒரு நாயகனின் சுடுகளமாகவும், அங்கு உழைத்தவர்களை மீட்பனுக்காகக் காத்திருக்கும் அடிமைக் கூட்டமாகவும் நிலைநிறுத்திவிட்டன. திரைப்படத்தைக் குறை சொல்வது எளிது. அதே படிமத்தைக் கல்விப்புலமும் கண்ணியமான சொற்களில் பேணிவருகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு. கோலார்த் தமிழ்த் தொழிலாளரைப் பற்றிய எழுத்தில் ‘திறனற்ற உடலுழைப்பு’ என்னும் வகைப்பாடு கேள்வியின்றி எடுத்தாளப்படுகிறது. அவ்வகைப்பாடு பிழையானது. அதை மறுக்கத் துப்பாக்கியிலிருந்தே தொடங்கலாம்.

இலக்குத் துப்பாக்கிப் போட்டியாளர்கள் தமக்குரிய தோட்டாக்களைத் தாமே கெட்டித்துக்கொள்ளும் வழக்கம் மேலைநாடுகளில் நெடுங்காலமாக உண்டு. காரணம் எளியது. ஆலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொருந்தும்படி செய்யப்படுவதால் எந்த ஒன்றுக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூடு, அந்தத் துப்பாக்கியின் அறைக்கேற்ப விரிந்து அதன் வடிவைப் பெற்றிருக்கும். புதுத் துப்பாக்கி வாங்கியவர் அக்கூட்டைத் தூய்மை செய்து, அதன் கழுத்தை அளவுக்குக் கொணர்ந்து, புதிய கேப்பைப் பதித்து, மருந்தை ஏறத்தாழ 6.5 மில்லிகிராம் நுட்பம்வரை நிறுத்து இட்டு, குண்டை ஒரே ஆழத்தில் அமர்த்துகிறார். மருந்தின் அளவைச் சிறுகச் சிறுக மாற்றிச் சுட்டு, எந்த அளவில் துளைகள் நெருங்கி விழுகின்றன என்று குறிப்பேட்டில் பதிகிறார். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறினால் 1,000 கஜத் தொலைவில் குண்டு மேலும் கீழுமாக விலகும். மருந்து மிகுந்தால் துப்பாக்கியே சிதறும். இவ்வேலையைக் கூலி வேலை என்று எவரும் சொல்வதில்லை. இதற்கெனக் கையேடுகள் உண்டு, அளவைக் கருவிகள் உண்டு, மதிப்பும் உண்டு.

இனிச் சுரங்கத்துக்குள் இறங்கலாம். தமிழில் தோட்டா என்னும் சொல் துப்பாக்கிக்கும் உரியது, பாறைக்கும் உரியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரி வெப்பத்தைத் தாண்டும். மேலிருக்கும் மலையின் அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறும் விபத்துகள் அங்கு வாடிக்கை. அத்தகைய பாறை முகத்தில் துளையிட்டு, திரியை வெட்டி, டெட்டனேட்டரில் செருகி நெரித்து, அதை ஜெலட்டின் தோட்டாவுக்குள் பொதித்து, இரும்பு படாமல் மரக்கோலால் மட்டும் மெல்லக் கெட்டிக்க வேண்டும். திரி ஒவ்வொன்றின் நீளமும் ஒரு கணக்கு. நடுவிலுள்ள குழிகள் முதலில் வெடித்து வெற்றிடம் உண்டாக்க வேண்டும். சுற்றிலும் உள்ளவை அதன்பின் அவ்வெற்றிடத்தை நோக்கிப் பாறையைச் சரிக்க வேண்டும். அடிவரிசை இறுதியில் வெடிக்க வேண்டும். வரிசை பிறழ்ந்தால் பாறை உடையாது. மருந்து மிகுந்தால் கூரை தளரும். தங்கம் பொதிந்த படிகக்கல் வெற்றுப் பாறையோடு கலந்து வீணாகும். ஒதுங்கி நின்று வேட்டொலிகளைக் காதால் எண்ணுவதும் தொழிலின் பகுதியே. இட்ட குழிகளைவிட ஒலி ஒன்று குறைந்தால், வெடிக்காத தோட்டா ஒன்று உள்ளே காத்திருக்கிறது என்று பொருள்.

இரண்டு வேலைகளுக்கும் இடையே கருவி வேறு, இலக்கு வேறு. அறிவின் இயல்பு ஒன்றே. அளவு, வரிசை, ஒருமை, பொருளின் குணத்தைக் கையால் அறிதல், பிழையின் விலையை உணர்ந்திருத்தல் ஆகியவை இரண்டுக்கும் பொது. ஒரு வேறுபாடும் உண்டு. இலக்குச் சுடுபவர் பிழைத்தால் பெரும்பாலும் புள்ளியை இழக்கிறார். வேட்டு வைப்பவர் பிழைத்தால் உயிரிழக்கிறார், உடன் நிற்பவரையும் இழக்கிறார். அப்படியிருக்க முன்னது நுட்பமாகவும் பின்னது உடல்வலிமையாகவும் பிரிக்கப்பட்டது எவ்வாறு?

விடை தொழில்நுட்பத்தில் இல்லை, ஆட்சியில் இருக்கிறது. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் வந்தபின் உருவான தங்கவயலில் மேற்பார்வை ஐரோப்பியரிடமும் ஆங்கிலோ இந்தியரிடமும் இருந்தது. சுரங்கத்தின் அடியில் நின்றோரில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தலித் தமிழர். அங்கு துப்பாக்கிப் படைப்பிரிவும் இருந்தது. முதலில் தொண்டர் படையாகவும், 1920க்குப் பின் இந்தியத் துணைப்படையின் கோலார் பட்டாளமாகவும் விளங்கிய அதில் இலக்கு பார்த்துச் சுடும் பயிற்சி ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரியதாயிருந்தது. ஒரே ஊரில் ஒருவர் கைத்தோட்டா அவருடைய தகுதிக்குச் சான்றாயிற்று. மற்றவர் கைத்தோட்டா அவருடைய கூலிக்குக் கணக்காயிற்று. 1930ஆம் ஆண்டு அத்தொழிலாளரிடம் நிறுவனம் கைரேகை கேட்டது. அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வெடிமருந்தை ஒப்படைக்கத்தக்க கை, திருட்டுச் சந்தேகத்துக்கும் உரிய கையாகக் கருதப்பட்ட முரண் அங்கு வெளிப்பட்டது. 1946 நவம்பர் 4 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 6 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். தங்கவயலின் தொழிலாளர் வரலாற்றில் துப்பாக்கி நுழைந்த வழி அது.

சட்டமும் இப்பிரிவினையின் தடயத்தைச் சுமக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்கவைத்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம், உரிமமின்றித் தோட்டா செய்வதைக் குற்றமாக்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது 7 ஆண்டுச் சிறை. அதே கர்நாடகத்தில் குடகு மக்களுக்கும் ஜம்மா நில உரிமையாளருக்கும் பிறப்பும் நிலமும் காரணமாக ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2019ஆம் ஆண்டு அது மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. குடகரைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. தங்கவயலாருக்கும் துப்பாக்கி வேண்டும் என்பதும் வாதமன்று. மருந்தைக் கையாளத் தகுந்தவர் யார் என்ற கேள்விக்கு அரசு திறமையைப் பார்த்தன்று, குலத்தைப் பார்த்தே விடையளித்திருக்கிறது என்பதைக் காட்டுவதே நோக்கம். சுரங்க விதிகள் வேட்டு வைப்பவருக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்கியபின்னும், அச்சான்றிதழ் ஒரு தொழில்நுட்ப அறிவின் அடையாளமாகப் பொதுச் சமூகத்தில் ஏற்கப்படவில்லை.

தமிழ் ஆய்வுலகம் தங்கவயலை முற்றிலும் மறந்துவிடவில்லை. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதையும், அங்கு செழித்த அச்சுப் பண்பாட்டையும் ஆய்வாளர்கள் மீட்டெடுத்துள்ளனர். அப்பணி போற்றத்தக்கது. எனினும் அம்மீட்பு எழுதியவர், பேசியவர், அச்சிட்டவரோடு நின்றுவிட்டது. இரவில் சங்கக் கூட்டத்துக்குச் சென்றவர் பகலில் திரியின் நீளத்தைக் கணக்கிட்டவர் என்பது எந்த ஆய்வின் மையமாகவும் ஆகவில்லை. 1965ஆம் ஆண்டு சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் நியூட்ரினோ கண்டறியப்பட்டதை அறிவியல் வரலாறு கொண்டாடுகிறது. இயற்பியலாளர் கருவியை நிறுவிய ஆழத்துக்குப் பாறையைக் குடைந்து வழி செய்த கைகளுக்கு அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பும் அரிது. அறிவை ஏட்டில் மட்டும் தேடும் பழக்கம் சாதியத்தின் பழைய பழக்கம். அதை எதிர்ப்பதாகச் சொல்லும் ஆய்வுகளும் அதே இடத்தில் தேடி, அதே இடத்தில் நிறுத்திக்கொள்கின்றன.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. கடைசியாக வேட்டு வைத்தவர்கள் இன்று முதியவர்கள். கல்தூசி நுரையீரலை அரித்தவர்களுக்குக் காலம் இன்னும் குறைவு. துப்பாக்கித் தோட்டா கெட்டிப்பவரின் குறிப்பேடு நூலாகிறது. சுரங்கத் தோட்டா கெட்டித்தவரின் குறிப்பேடு அவருடைய நினைவு ஒன்றே; அது அவரோடு புதையும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் அவர்களிடம் வறுமையைப் பற்றி மட்டும் கேட்டுத் திரும்புவது போதாது. எத்தனை குழி, எந்த வரிசை, எவ்வளவு மருந்து, பாறையின் ஒலி எப்போது மாறும் என்று கேட்க வேண்டும். அக்கேள்விகளைக் கேளாத வரையில் ‘திறனற்ற உழைப்பு’ என்ற சொல்லை ஆய்வேட்டில் எழுதும் உரிமை எவருக்கும் இல்லை.