பெரிய ப்ரைம் நம்பரும் நெட் பேங்கிங் புளுகும்

இன்னைக்கு மதியம் சாப்பாட்டு மேஜையில ஒரு சண்டை. "உலகத்துலயே பெரிய ப்ரைம் நம்பரைக் கண்டுபிடிச்சதால நெட் பேங்கிங் இன்னும் பாதுகாப்பா ஆயிடுச்சாம்"னு பக்கத்து சீட் நண்பர் ஆரம்பிச்சார். எங்கேயோ படிச்சிருக்கார். எனக்குக் கடுப்பாயிடுச்சு.

அந்த எண் இதுதான்: 2-இன் 13,62,79,841-ஆவது அடுக்கு, அதுல 1 கம்மி. 2024 அக்டோபரில் ஜிம்ப்ஸ் கூட்டு முயற்சியில் லூக் டுரான்ட் கண்டுபிடித்தது. மொத்தம் 4,10,24,320 இலக்கம். பக்கத்துக்கு 3000 இலக்கம்னு அடிச்சாலும் 13 ஆயிரம் பக்கம் தாண்டும். எங்க ஆபீஸ் பிரிண்டர் கும்பிடு போட்டுடும் :-)

2048 பிட் ஆர்எஸ்ஏ சாவிக்கு எவ்வளவு பெரிய பகா எண் வேணும் தெரியுமா? சுமார் 308 இலக்கத்துல ரெண்டு. அவ்வளவுதான். அது என்னன்னு ஊருக்குத் தெரியாம இருக்கிறதுதான் பாதுகாப்பே. தண்டோரா போட்ட எண்ணை உள்ளே வச்சா, ஒரே வகுத்தல்ல மிச்ச எண்ணும் கையில விழும். வீட்டுச் சாவியை வாசல்ல மாட்டிட்டு "எவ்ளோ பெருசு பாரு"ன்னு பெருமையடிக்கிற கதை!

சும்மா சொல்லலை. 2012-ல் இணையத்துல இருந்த பொதுச் சாவிகளை ஆராய்ச்சியாளர்கள் திரட்டிப் பார்த்தப்போ ஆயிரக்கணக்கான சாவிகள் உடைஞ்சுது. பகா எண் சின்னதுங்கறதால இல்லை. ரூட்டர் மாதிரி சாதனங்கள் சரியா ரேண்டமா எண் எடுக்காம, வேற வேற சாவிக்கு ஒரே பகா எண்ணைப் போட்டிருந்துச்சு. மீ.பொ.கா. கண்டாலே போதும். பள்ளிக்கூடக் கணக்கு சார்! கவலைப்படணும்னா இதுக்குக் கவலைப்படுங்க.

"அப்போ அந்தப் பெரிய எண் வேஸ்ட்தானே?"ன்னார். அடுத்த கோபம் எனக்கு. பேங்குக்கு உதவலைன்னா வேஸ்ட்டா?

1644-ல் மெர்சென் பாதிரியார், 2-இன் 67-ஆவது அடுக்கில் 1 கம்மி பண்ணினா பகா எண்னு எழுதி வச்சார். 1876-ல் லூகாஸ் அது தப்புன்னு நிரூபிச்சார், ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமலே! காரணிகள் 193707721, 761838257287 கிடைச்சது 1903-ல், கோல் கையால. ஒரு எண் உடையும்னு துண்டைப் பாக்காமலே சொல்லிடலாங்கறது எவ்ளோ பெரிய விஷயம்!

லூகாஸ் வழியை லெமர் சீர்படுத்தினார். 4-ல ஆரம்பிங்க. வர்க்கம் எடுத்து 2 கழிங்க, நம்ம எண்ணால வகுத்து மீதியை மட்டும் வச்சுக்குங்க. அடுக்குல 2 கம்மியா அத்தனை தடவை. கடைசியில பூஜ்யம் வந்தா பகா எண். 31-க்கு (அடுக்கு 5): 4, 14, 8, 0. முடிஞ்சுது. பைனரியில எல்லாமே 1-ங்கறதால வகுக்கவே வேண்டாம், ஷிஃப்ட் பண்ணிக் கூட்டினா மீதி வந்துடும். சாதனைப் பட்டியல்ல மெர்சென் எண்களே முன்னாடி நிக்கிற ரகசியம் இந்த வசதிதான்.

நண்பர் டிஷ்யூ பேப்பர்ல 127-க்குப் போட்டுப் பார்த்தார். 4, 14, 67, 42, 111, 0. "அட!"ன்னார். நீங்க 11-ஆவது அடுக்குக்குப் போட்டுப் பாருங்க. பூஜ்யம் வராது. 2047, அதாவது 23 × 89.