வெட்கத்தையே மூலதனமாக்கும் வேட்டைக்காரர்கள்!

பஸ் நிலையச் சுவர்களைப் பாருங்கள். பொதுக் கழிப்பறைக் கதவுகளைப் பாருங்கள். நள்ளிரவில் டெலிவிஷனைத் திறந்து பாருங்கள். ஆண்மைக் குறைவைத் தீர்த்துவைப்பதாக எங்கும் ஒரே கூக்குரல்! இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்று நோட்டீஸ். அந்த லாட்ஜ் மாடிப்படியில் தலைகுனிந்து காத்திருப்பவர்கள் யார்? மில் தொழிலாளி, லாரி டிரைவர், கொத்தனார். வட்டிக்கு வாங்கிய பணத்தை லேகியத்துக்குக் கொட்டிவிட்டு வீடு திரும்புகிறவர்கள் இவர்களே!

இந்த வியாபாரத்துக்கு மூலதனம் மருந்தல்ல. உழைப்பாளியின் வெட்கமே மூலதனம் என்கிறோம் நாம்.

நோய்தான் என்ன? ஆண்குறி விறைப்பது ரத்தக் குழாய்களும் நரம்புகளும் மனமும் சேர்ந்து செய்யும் வேலை. சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, புகை, குடி ஆகியவை அந்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. இருதயத்துக்குச் செல்லும் குழாய்களைவிட இவை மெல்லியவை. ஆகவே முதலில் பழுதாவதும் இவையே. பலருக்கு, பின்னால் வரப்போகும் மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே உடல் கொடுக்கும் எச்சரிக்கை இது. அந்த எச்சரிக்கையைக் காதில் வாங்கவேண்டியவர் டாக்டர். வாங்குகிறவனோ லாட்ஜ் வைத்தியன்!

மனத்தின் பங்கும் சிறிதல்ல. ஒரு நாள் இயலாமற் போனவன் மறுநாள் பயத்தோடு படுக்கைக்குப் போகிறான். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அதே குழாய்களைச் சுருக்குகிறது, மறுபடியும் தோல்வி. பிறகு அவன் படுக்கையைத் திண்ணைக்கு மாற்றுகிறான். மனைவியோ, தன்னைப் பிடிக்கவில்லை போலும், வேறு தொடர்பு இருக்கிறது போலும் என்று உள்ளுக்குள் வேகிறாள். பேச்சு நிற்கிறது, குடி வளர்கிறது, சில வீடுகளில் கையும் ஓங்குகிறது. பிள்ளை இல்லையென்றால் 'மலடி' என்ற பட்டமோ அவளுக்குத்தான்! கணவன் மனைவி இருவருக்கும் உரிய இன்பம் பறிபோகிறது. அவளுக்கும் அதில் சரிபாதி உரிமை உண்டென்பதை நினைப்பவர் எத்தனை பேர்?

போதாதென்று, விந்து வெளியேறினால் உடல் உருகிப்போகும் என்று பள்ளிக்கூடப் பையன்களைக்கூட மிரட்டுகிறார்கள். இது சுத்தப் பொய். இந்தப் பீதியில் வாடி வந்த இளைஞர்களைக் கண்டே மனநல மருத்துவர் என்.என். விக் 1960-ல் அதற்குத் 'தாத் நோய்க்குறி' என்று பெயரிட்டார். நோயில்லாதவனையும் நோயாளியாக்குவது இவர்கள் தொழில்!

மூலிகை என்று விற்கும் சில பொட்டலங்களில் ரகசியமாகச் சில்டெனாஃபில் கலக்கிறார்கள். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து, டாக்டர் சோதித்துக் கொடுத்தால் பலருக்கும் பலன் தருவதே. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உண்பவர் தெரியாமல் இதை விழுங்கினால், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். இது வைத்தியமா, வழிப்பறியா?

சட்டம் இல்லையா? உண்டு. 1954-ம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம், சிற்றின்ப சக்தியைப் பெருக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே குற்றமென்கிறது. முதல் தடவை ஆறு மாதம் வரை, மறுபடி செய்தால் ஓராண்டு வரை சிறை. 70 ஆண்டுகளுக்கு மேலாகியும் சுவர்கள் சிரிக்கின்றன! விளம்பரக் காசு வாங்கும் முதலாளிகளின் பத்திரிகைகளும் சானல்களும் வாய் திறக்குமா? சர்க்காரோ, 2003 முதல் டாஸ்மாக் மூலம் தானே சில்லறையாகச் சாராயம் விற்கிறது. ரத்தக் குழாயைக் கெடுக்கும் சரக்குக்குக் கடை திறக்க முடிந்தவர்களுக்கு, கெட்டதைச் சீராக்க ஆஸ்பத்திரியில் ஓர் அறை திறக்க முடியாதா?

நம்மையும் கேட்டுக்கொள்வோம். சங்கத்தில் பஞ்சப்படி பேசுகிறோம், போனஸ் பேசுகிறோம். இதைப் பேசினால் மட்டும் கேலிச் சிரிப்பு. நாம் சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பும் ஒரு தோழனை லாட்ஜ் மாடிப்படிக்குத் தள்ளுகிறது. ஆண்மை என்பது படுக்கையில் காட்டும் வீரம் என்ற நிலப்பிரபுத்துவக் குப்பையை நம் மண்டையிலிருந்தே முதலில் பெருக்கித் தள்ளவேண்டும்.

நாம் கோருவது இதுதான்: 1954-ம் ஆண்டுச் சட்டத்தைப் பாரபட்சமின்றி அமல் நடத்து! சுவரொட்டி ஒட்டும் கூலியாளை அல்ல, ஒட்டச் சொன்னவனைப் பிடி! மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளிலும் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்து ஆலோசனை பெற வசதி செய்! சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கு வருபவரிடம் டாக்டரே இதையும் கேட்கட்டும். மருந்து இலவசமாகக் கிடைக்கட்டும்!

தோழர்களே, வியாதி வந்தவன் குற்றவாளியல்ல. தலைகுனிய வேண்டியவன் அந்த வியாதியை விற்றுக் கொழுப்பவனே!