கொமர்ஸ் படித்த பிள்ளைக்கு ஹோட்டல் வேலையா?

ஏ.எல் றிசல்ட் வந்து ஒரு மாதம் போனால் எங்கட வீடுகளில் ஒரே கதைதான். கொமர்ஸ் செய்த பிள்ளைக்கு மூன்று பாடமும் பாஸ். ஆனால் இசட் புள்ளி காணாது, கம்பஸ் இல்லை. காசு கட்டியாவது பிஸ்னஸ் மனேஜ்மென்ட் டிகிரி படிக்கட்டும் என்று பெரியாக்கள் முடிவெடுப்பார்கள். ஹோட்டல் முகாமைத்துவம் படிக்கவோ என்று பிள்ளை மெல்லக் கேட்கும். "இதுக்கே இவ்வளவு காலமும் ரியூசனுக்கு அனுப்பினது? கோப்பை கழுவவோ?" அதோட கதை முடிஞ்சுது.

அந்தக் கோப்பையைப் பற்றித்தான் முதலில் கதைக்க வேண்டும்.

1983க்குப் பிறகு இங்கிருந்து போன எத்தனையோ பேர் பாரிஸிலும் சூரிச்சிலும் லண்டனிலும் உணவகங்களின் பின்பக்கம் நின்று கோப்பை கழுவினார்கள். அந்தக் காசில் ஊரில் வீடு எழும்பியது, தங்கச்சிமாருக்குச் சீதனம் போனது, கோயிலுக்குத் தேர் வந்தது. ஒருவரும் முகம் சுழிக்கவில்லை. பிராங்கிலும் பவுண்ஸிலும் சம்பளம் வந்தால் கோப்பை கழுவுவது தியாகம். ரூபாயில் வந்தால் அவமானம். இதுக்குப் பேர் மரியாதை இல்லை, நாணயமாற்று வீதம்.

இதற்குள் சாதியும் இருக்கிறது. அதை மறைத்துக் கதைப்பதில் பிரயோசனம் இல்லை. மற்றவர் சாப்பிட்ட கோப்பையை எடுப்பது, மற்றவர் படுத்த கட்டிலை விரிப்பது, மற்றவர் பாவித்த கழிப்பறையைக் கழுவுவது எல்லாம் 'ஆர்' செய்யிற வேலை என்று எங்கட சமூகம் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. ஹோட்டல் படிப்பை வேண்டாம் என்று சொல்லும்போது பல வீடுகளில் பேசுவது சம்பளக் கணக்கு இல்லை, அந்தப் பழைய பிரிப்புத்தான். சுவிஸில் லோசான் நகரத்து ஹோட்டல் பள்ளி 1893இல் தொடங்கியது. அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகம் 1922இலேயே இதைப் பட்டப்படிப்பாக்கியது. கொழும்பில் இலங்கை ஹோட்டல் பள்ளி 1964இல் வந்தது. எங்கட வீடுகளுக்குள் மட்டும் இது இன்னும் படிப்பாக வந்து சேரவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்குப் பல்கலைக்கழகங்களில் முகாமைத்துவ பீடத்தில் இடம் கிடைத்தால் போங்கள். கணக்கியல் உண்மையிலேயே பிடிக்கும் என்றால் ஏஏடி, சீமா, பட்டயக் கணக்காளர் என்று தெளிவான பாதை இருக்கிறது, அதில் போங்கள். இந்தச் சண்டை அவற்றோடு இல்லை. பேருக்குப் பின்னால் எதையாவது போட வேண்டும் என்பதற்காக, லட்சக் கணக்கில் கடன்பட்டு வாங்குகிற பிஸ்னஸ் டிகிரியோடுதான் சண்டை. அரச பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பட்டதாரிகளே 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் மாதக் கணக்காய்த் தெருவில் இருந்து வேலை கேட்டார்கள். வேலைத்தலம் ஒன்றின் உள்பக்கத்தையே பார்க்காமல் எடுக்கிற காசுப் பட்டம் அதைவிட என்ன செய்யும்?

"ஹோட்டலில் போய் பிஸ்னஸ் படிக்க ஏலுமோ?" ஏலும். 40 அறை உள்ள ஒரு ஹோட்டலை யோசித்துப் பாருங்கள். இன்றிரவு விற்காத அறையை நாளைக்கு விற்க முடியாது. அந்தக் காசு போனது போனதுதான். அறை 15,000 ரூபாய் என்றால் 24 அறை போகும் என்று வைப்போம்: 360,000. விலையை 10,000 ஆக்கினால் 38 அறை போகிறது: 380,000. 20,000 லாபம் என்று சந்தோசப்படலாமா? கூடுதலாகப் போன 14 அறைக்கும் சலவை, கரண்ட், காலைச் சாப்பாடு இருக்கிறது. அறைக்கு 1,500 ரூபாய் செலவு என்றாலே 21,000. விலையைக் குறைத்து, ஆட்களை நிரப்பி, 1,000 ரூபாய் நட்டம். வகுப்பில் ஸ்லைட் போட்டுப் படிப்பிக்கிற விடயம் இங்கே ஒவ்வொரு நாளும் நடக்கிறது. ஏ.எல்லில் எக்கவுண்டிங் செய்த பிள்ளை இதை மற்றவர்களைவிடக் கெதியாகப் பிடிக்கும். கொமர்ஸ் வீணாய்ப் போகாது, அங்கேதான் உதவும்.

இனி நியாயமான எதிர்க்கேள்வி. சுற்றுலாத்துறையை நம்பலாமா? 2018இல் நாட்டுக்கு 23 லட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா. 2021இல் வந்தவர்கள் 2 லட்சம்கூட இல்லை. 2024இல்தான் திரும்பவும் 20 லட்சத்தைத் தாண்டியது. ஆபத்து உண்மையானது. ஆனால் 2022இல் பெற்றோல் வரிசையில் நாடு நின்றபோது மற்றக் கொம்பனிகள் மட்டும் ஆட்களை எடுத்துக்கொண்டா இருந்தன? ஹோட்டல் மூடினாலும் சமையல், சுத்தம், களஞ்சியக் கணக்கு தெரிந்தவரை ஆஸ்பத்திரிச் சமையலறை எடுக்கும், கலியாண மண்டபம் எடுக்கும், இல்லாவிட்டால் சொந்தமாய் ஒரு சாப்பாட்டுக் கடை போடலாம். கையில் தொழில் இருக்கிறவனுக்கு இரண்டாவது கதவு ஒன்று இருக்கும்.

அதற்காக "ஆறு மாதத்தில் டுபாய், ஒரு வருசத்தில் கப்பல்" என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்களை நம்பிப் போகாதீர்கள். காசு கட்ட முதல் கேளுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா? தேசிய தொழில் தகைமையில் எந்த மட்டம்? 4ஆம் மட்டம் தொழிலாளருக்கு, 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். பயிற்சிச் சமையலறையைக் கண்ணால் பார்த்தீர்களா? வேலைப்பயிற்சி எங்கே, எத்தனை மாதம், கொடுப்பனவு உண்டா? அரசாங்கத்தின் சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் இருக்கும்போது தனியாரிடம் ஏன் போகிறோம் என்றும் உங்களையே கேளுங்கள். பிஸ்னஸ் டிகிரி விற்கிறவரையும் இப்படியே குடையுங்கள்: பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா, கடைசி வரைக்கும் மொத்தம் எவ்வளவு? பதில் சொல்லத் தயங்கினால் எழும்பி வாருங்கள்.

பெட்டையளுக்கு இன்னொரு தடை. இரவு வேலை, தூர இடம், "சனம் என்ன சொல்லும்". பயம் முழுக்கப் பொய் இல்லை. ஆனால் அதற்குப் பதில் பிள்ளையை வீட்டில் இருத்துவது இல்லை. இரவில் வாகனம் விடுகிறீர்களா, தங்குமிடம் எப்படி, அத்துமீறல் நடந்தால் யாரிடம் முறைப்பாடு என்று ஹோட்டலைக் கேட்பதுதான் பதில்.

கடைசியாக, இது ஒரு பிள்ளையின் சம்பளத்தோடு முடிகிற விசயமும் இல்லை. போர் முடிந்த பிறகு பாசிக்குடாவில் வரிசையாக ஹோட்டல்கள் எழும்பின. நிலாவெளி, அறுகம்பை, யாழ்ப்பாணம் எல்லாவற்றுக்கும் சுற்றுலாக்காரர் வருகிறார்கள். கடற்கரை எங்கட ஊர்க் கடற்கரை. அங்கே மனேஜர் கதிரையில் ஆர் இருக்கினம், கேற்றில் ஆர் நிற்கினம் என்று ஒருக்கால் போய்ப் பாருங்கோ. மீனவர் வலை இழுத்த கரையில் எதைக் கட்டுவது, எந்தப் பாதையை மூடக்கூடாது, யாருடைய மீனையும் மரக்கறியையும் வாங்குவது என்று முடிவெடுக்கிற மேசையில் நாங்கள் இல்லையென்றால், எங்கட கரையில் எங்களுக்குக் கிடைப்பது காவல்காரன் உடுப்பு மட்டும்தான். அந்த மேசைக்கு அறிக்கை எழுதிப் போக முடியாது. கட்டில் விரிக்கப் பழகி, அடுப்படியில் வெந்து, கணக்குப் பார்த்து, படிப்படியாகத்தான் போக வேண்டும்.