எட்டாண்டுப் பிரிவு

பிள்ளையின் பசியைப் பணம் ஆற்றும், ஏக்கத்தை ஆற்றுமா?

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஹசன் மின்ஹாஜ், 1985-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் பிறந்தவர். பெற்றோர் உத்தரப் பிரதேசத்து அலிகரைச் சேர்ந்த முஸ்லிம்கள். மகன் குழந்தையாயிருந்தபோதே தாயார் மருத்துவப் படிப்பை முடிக்க இந்தியா திரும்பினார். ஏறத்தாழ எட்டாண்டுகள் தந்தையே தனித்து வளர்த்தார்.

அவ்வாழ்வை ஒருவராக மேடையில் நின்று அவர் சொன்ன ‘ஹோம்கமிங் கிங்’ 2015-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. 2017-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியாயிற்று. தாயாருடன் வந்த தங்கையை அந்நியளாய்ப் பார்த்துத் திகைக்கும் சிறுவனைக் கண்டு அரங்கம் சிரிக்கிறது. சிரிப்பின் அடியில் வலி கிடக்கிறது.

தம் மேடைக் கதைகள் சிலவற்றில் கற்பனை கலந்ததை 2023-இல் அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே காட்சிகள் அனைத்தையும் நடந்தவையென்று கொள்வதற்கில்லை. ஆயினும் பிரிவு மெய்.

தாயார் கற்கச் சென்றது குற்றமன்று. தந்தையின் உழைப்பிலும் குறையில்லை. ஆனால் பிரிவின் காரணத்தைப் பிள்ளைக்கு யார் சொல்வது? கடல் கடந்து பொருள் தேடும் பெற்றோரே, அதனை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிடில், பிள்ளைகள் தாமாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார்கள். அது பெரும்பாலும் ‘என்மீது அன்பில்லை’ என்பதாகவே இருக்கும்.