வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?

எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் இதயம், தோல், ஸ்கேன் என்று ஏதாவது ஒரு சிறப்புப் படிப்பைத்தான் சொல்கிறார்கள். "நான் பொது மருத்துவம் பார்க்கப் போகிறேன்" என்றால், "ஏன், பி.ஜி. கிடைக்காதுன்னு பயமா?" என்று சிரிக்கிறார்கள். அவர்களுக்கான பதில்தான் இது.

என் பெரியம்மாவுக்கு ஜவ்வாது மலையடிவாரத்தில் சந்தவாசல் பக்கம் வீடு. ஒரு கார்த்திகை மாதம் எட்டு நாள் விடாத காய்ச்சல். டெங்கு இல்லை என்றார்கள். டைபாய்டாக இருக்கலாம் என்று ஊசி போட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். பணம் போனதே தவிர காய்ச்சல் போகவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு வயதான டாக்டரிடம் கூட்டிப் போனோம். பலகையில் எம்.பி.பி.எஸ். மட்டும்தான். அவர் முதலில் கேட்டது, "என்னம்மா வேலை பண்றீங்க?"

"மல ஓரம் ஆடு ஓட்டினு போவேன் சார்."

உடனே நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, திரைக்குப் பின்னால் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு எல்லாம் பார்க்கச் சொன்னார். புடவை கட்டும் இடத்தில், பீடி சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு! வலிக்காததால் பெரியம்மாவுக்கே தெரியவில்லை.

ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் ஒரு வகை உண்ணியின் குஞ்சு கடித்து வருவது. வேலூர் வட்டாரத்தில் மழையும் குளிரும் சேர்ந்த மாதங்களில் அதிகம். டைபாய்டுக்குப் போடும் வழக்கமான ஊசிகள் இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை கேட்கும். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. "மூச்சு வாங்கினா ராத்திரின்னு பார்க்காம வேலூர் போயிடுங்க" என்றும் அவர் சொல்லியிருந்தார். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும் நோய் இது.

அந்தப் பொருக்கு எல்லோருக்கும் இருப்பதில்லை. இருந்தாலும் தேடினால்தான் கிடைக்கும். தேடத் தோன்ற, அந்த ஊர், அந்தப் பருவம், அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும்.

சிறப்பு மருத்துவரிடம் போகும் நோயாளி ஏற்கெனவே சலித்து அனுப்பப்பட்டவர். சலிப்பவர் யார்? குழந்தையின் வயிற்றுப்போக்கு, சர்க்கரைக்காரரின் கால் புண், 'வாயுதான்' என்று சொல்லிக்கொண்டு வரும் நெஞ்சுவலி... எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்த்து, எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரிப்பவர்தான். இது எப்படிச் சின்ன வேலையாகும்?

2023-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று, தீவிர ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று காட்டியது. பெருமைதான். ஆனால் முதலில் பார்ப்பவர் சந்தேகப்படாவிட்டால், அந்த மருந்து நோயாளியிடம் போய்ச் சேருவதே தாமதமாகிவிடும்.

"வாசலில் நூறு பேர் நிற்கும்போது எப்படித் தேடுவது?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் எந்த மேதையாலும் முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: ஸ்கேன் மெஷின் கேட்பதுபோல, கூடுதலாக ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு திரைச்சீலை இவற்றையும் நாம் கேட்க வேண்டும். குடும்ப மருத்துவத்தை வேறு வழியில்லாதவர்களின் படிப்பாகப் பார்ப்பதையும் நிறுத்த வேண்டும்.

பெரியம்மா இன்றும் ஆடு ஓட்டிக்கொண்டுதான் போகிறார். எங்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போகப் போகிறோம்?