பால்மரக் கொட்டையில் ஒரு பேனா



"ஒரு வெள்ளி கொடுத்தால் கடையில் பேனா கிடைக்கிறது. அதற்குப் போய் அச்சு செய்து, பிசின் வார்த்து, கடைசல் பிடித்து... இந்தப் பாடெல்லாம் எதற்கு வாத்தியாரே?" என்று எங்கள் மளிகைக் கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் 32 ஆண்டுகள் பால்மரம் சீவியவர். பள்ளிக்கூடம் போகாதவர். நான் இரண்டாம் ஆண்டு படிக்கையில் என் சிலேட்டுப் பலகையில்தான் தம் பெயரை எழுதிப் பழகினார். அன்றிலிருந்து கைநாட்டு வைத்ததே இல்லை. எங்கள் தோட்டத்தின் கடைசி பால்மரக் காட்டை அழித்துச் செம்பனை நட்டபோது, மரத்தடியில் கிடந்த கொட்டைகளைப் பொறுக்கி ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். சென்ற பள்ளி விடுமுறையில் அந்த டின்னை என் முன்னால் வைத்து, "இதுல எனக்கு ஒரு பேனா செஞ்சு குடுய்யா, பேங்கில கையெழுத்துப் போட" என்றார். எண்ணிப் பார்த்தேன். 38 கொட்டைகள். இனி அந்தக் காட்டில் ஒன்றுகூடக் கிடைக்காது.

பால்மரக் கொட்டையை அறியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்து, அடிவாங்கியவர்கள்தாமே நாம்! அந்தப் பளபளப்பையும் பழுப்புப் புள்ளிகளையும் பேனாவில் கொண்டுவர வேண்டும். ஆனால் முழுக்கொட்டை பேனாவுக்குள் அடங்காது. ஓட்டை உடைத்துச் சிறு சில்லுகளாக்கி, உள்ளிருக்கும் பருப்பை எறிந்துவிட வேண்டும். (பச்சைப் பருப்பில் நஞ்சு உண்டு. பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) சில்லுகளை நாலைந்து நாள் நன்றாக வெயிலில் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் பிசின் கெடும்.

பேனாவுக்கான பிசின் கட்டை ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் சதுரம், 130 மில்லிமீட்டர் நீளம். அதற்கு வேண்டியது மூடியில்லாத நீளப் பெட்டி போன்ற ஓர் அச்சு, அவ்வளவே. 'இது என்ன பெரிய வேலை' என்று நினைத்து, கிடந்த ஒட்டுப்பலகைத் துண்டுகளை ஆணியடித்து, 12 கொட்டைகளின் சில்லுகளைப் போட்டு எப்பாக்சி பிசினை ஊற்றிவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் பாதிப் பிசின் இடுக்கு வழியே ஒழுகி மேசையோடு ஒட்டியிருந்தது. மீதி, பலகையோடு ஒன்றாகிவிட்டது. உளி வைத்துப் பெயர்த்ததில் கட்டை மூன்றாக உடைந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டின்னை மட்டும் எட்டிப் பார்த்தார்.

மரம் பிசினை உறிஞ்சும், விடாது. காய்கறி நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை இருக்கிறதே, பாலிஎத்திலீன், அதில் எப்பாக்சி ஒட்டாது. பழைய பலகை ஒன்றை அறுத்து, அடிப்பலகை ஒன்று, நெடும்பக்கம் இரண்டு, ஓரம் இரண்டு என ஐந்து துண்டுகளாக்கினேன். இதில் பசையும் ஒட்டாதாகையால் திருகாணிதான் கதி. அறுத்த முகங்களை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிசின் அந்தக் கீறல்களைப் பற்றிக்கொள்ளும். வெளி இடுக்குகளில் மீன்தொட்டிக்குப் பூசும் சிலிக்கோனைத் தடவிக் காயவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பாருங்கள். நான் முதல் தடவை செய்யாதது இதைத்தான். சோதித்தபின் அச்சைத் துடைத்து முற்றிலும் உலர்த்துங்கள்.

இரண்டாம் வார்ப்பு அழகாகக் கழன்று வந்தது. திருகாணிகளைக் கழற்றியதும் கட்டை தானே விழுந்தது. பட்டணத்தில் தளவாடத் தச்சர் ஒருவர் கடைசல் இயந்திரம் வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். பித்தளைக் குழாய் நுழைய நடுவில் 7 மில்லிமீட்டர் துளை போட்டார். நடுவிலிருந்த சில்லுகள் தூளாகிப் போயின. வெளியே கடைந்தார். ஓரத்துச் சில்லுகளும் போயின. மிஞ்சியது வெறும் கண்ணாடிப் பேனா. இன்னும் 10 கொட்டைகள் வீண்! "சில்லு குழாய்மேலேயே இருந்தாத்தானே சார் நிக்கும்" என்றார் தச்சர். எனக்கு உறைக்க இரண்டு தவறுகள் வேண்டியிருந்தன.

மூன்றாவது தடவை, பித்தளைக் குழாய்களுக்குக் கறுப்புச் சாயம் பூசி (இல்லையேல் பித்தளை மினுங்கும்), 7 கொட்டைகளின் ஓட்டை அரிசி அளவுக்கு உடைத்து அவற்றின்மேல் ஒட்டினேன். அச்சின் இரு ஓரங்களிலும் துளையிட்டு, மெழுகு தடவிய மெல்லிய கம்பியில் குழாய்களைக் கோத்து அந்தரத்தில் நிறுத்தினேன். குழாய் வாய்களையும் ஓரத் துளைகளையும் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுக் களிமண்ணால் அடைத்தேன். சில்லுகளின்மேல் முதலில் தூரிகையால் பிசின் தடவிவிட்டு, பிறகு ஒரு மூலையிலிருந்து மெல்ல ஊற்றினால் காற்றுக்குமிழ் குறையும்.

பிசினையும் இறுக்கியையும் டின்னில் சொல்லியுள்ள விகிதப்படியே கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று இறுக்கியைக் கூட்டினால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். நம் ஊர் வெப்பத்துக்குக் காலை நேரமே நல்லது. கலந்ததைக் கிண்ணத்திலேயே தேக்கி வைக்காதீர்கள். மொத்தமாகக் கிடந்தால் சூடேறும். என் பிளாஸ்டிக் கிண்ணமே இளகிவிட்டது. கையுறை, திறந்த சன்னல், கடையும்போது முகமூடி, இவை கட்டாயம். கலக்குவது பெரியவர்கள் வேலை. கொட்டை உடைப்பதைப் பிள்ளைகளிடம் விடலாம்.

ஒரு நாள் முழுதும் தொடாமல் விட்டுக் கழற்றினேன். தச்சர் கடைந்து மெருகேற்றிக் கொடுத்தார். மூடிப் பக்கம் ஒரு குமிழ் தெரிகிறது, இருக்கட்டும். அம்மா பேனாவைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு பொடிசா உடைச்சிட்டியே" என்றார். பிறகு நாள்காட்டித் தாளின் பின்பக்கம் தம் பெயரை மூன்று முறை எழுதிப் பார்த்தார்.

டின்னில் இன்னும் 9 கொட்டைகள் இருக்கின்றன. அதை எடுத்து அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டார். கேட்டால் கொடுக்கமாட்டேன் என்கிறார்.