உளி பிடித்த மருத்துவர்

கொல்லிமலையில் 1914-ல் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்த பால் பிராண்ட், மருத்துவம் படிக்கும் முன்பே இங்கிலாந்தில் கட்டுமானத் தொழில் கற்றவர். தச்சு வேலையும் கொத்து வேலையும் அவருக்குக் கைவந்தவை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்தவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைப் பார்த்தார். நல்ல நிலையிலுள்ள தசைநாண் ஒன்றை இடம் மாற்றி இணைத்து, அந்தக் கைகளை மறுபடி விரியவைத்தார். ஆனால் கை விரிந்தவர்களுக்கு ஊரில் வேலை கொடுப்பார் யாருமில்லை. பழைய தொழில் அப்போது உதவிக்கு வந்தது. நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு இல்லத்தைத் தொடங்கி, அவர்களுக்கு மரப்பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பட்டறையில்தான் ஓர் உண்மை பிடிபட்டது. தொழுநோயாளியின் சதை தானாக அழுகி விழுவதில்லை; வலி தெரியாத கையைக் கருவியின் பிடியும் சூடான பாத்திரமும் காயப்படுத்துகின்றன. வார்டு வலம் வருவதோடு நின்றிருந்தால் இதைக் கண்டிருப்பாரா, சந்தேகம்தான்.

தான் நம்பிய கடவுள் தந்த திறமையை அவர் பிரசங்க மேடைக்கு மட்டும் ஒதுக்கவில்லை. தையலோ தச்சோ தெரிந்து ஓய்வில் இருப்பவர்கள், பக்கத்து மறுவாழ்வு இல்லத்தில் வாரம் ஒரு நாள் அதைக் கற்றுக்கொடுக்கலாமே!